கோதுமை ஏறாத அடுப்பு

நான்காவது டாக்டரும் "கேஸ்" என்றுதான் சொன்னார்.

என் கணவர் ஏழுமலையின் வயிற்றை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "காரம் கம்மி பண்ணுங்க, டென்ஷன் ஆவாதீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "குடிப்பாரா?" என்று கேட்டார். அதற்கு முந்தைய மூன்று பேரும் இதையே கேட்டார்கள். ஏழுமலைக்கு சாராய வாசனையே ஆகாது. அதைச் சொன்னால் நம்பாத முகம் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். நாற்பது வயதில் இளைத்துப்போன கிராமத்து ஆள் என்றால் குடிகாரன்தான், வேறென்ன. வெளியே நடைபாதையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்தேன். அழுகை இல்லை, கோபம்.

இதை எழுதுவதும் அந்தக் கோபத்தில்தான். நிதானமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போகிறார் என்றால், என் கோபம் உங்களுக்குக் கொஞ்சம் உதவலாம்.

நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, அட்டையில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறிப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு பிள்ளை அரைக் கிலோ இறங்கினால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்பேன். என் வீட்டில் ஒரு மனிதர் பதினாறு கிலோ இறங்கினார். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது?

ஏழுமலை சமையல்காரர். கல்யாணப் பந்திச் சமையல் இல்லை, இத்தாலிச் சமையல். செங்கம் சாலைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பல வருடமாக இங்கேயே தங்கிவிட்ட பிராங்கா என்ற இத்தாலிக்காரப் பெண்மணி, மதியம் மட்டும் இருபது பேருக்குச் சாப்பாடு போடுகிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரமங்களில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள். ஏழுமலை அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் விடத்தான் போனார். ஒன்பது வருடத்தில் அடுப்படி முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

இத்தாலிச் சாப்பாடு என்றதும் நூல் நூலாகச் சீஸ் இழுபடும் பீட்சாவை நினைக்காதீர்கள். அங்கே அது கிடையாது. அது பிராங்காம்மா ஊரின் குடியானவர்கள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாடு. உழவர் சந்தையில் அன்றைக்கு எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் சமையல். தை மாதம் பச்சை மொச்சையை வேகவைத்து மசித்து, மேலே வதக்கிய கீரையை வைத்து எண்ணெய் விடுவார்கள். தக்காளி மலிந்தால், நேற்று மிஞ்சிய காய்ந்த ரொட்டியைத் தக்காளியோடு கொதிக்கவிட்டுக் கூழ் மாதிரி ஆக்குவார்கள். பரங்கிக்காய் வந்தால் பரங்கிக்காய், கத்தரிக்காய் வந்தால் கத்தரிக்காய். மசாலா இல்லை. பூண்டு, உப்பு, எண்ணெய், முடிந்தது. முதல் தடவை ஏழுமலை அதைத் தூக்கில் கொண்டுவந்து தந்தபோது, "பத்தியச் சாப்பாடா இது?" என்றேன். இரண்டாவது வாயில் பேச்சை நிறுத்திவிட்டேன். மொச்சைக் கொல்லையில் வளர்ந்த எனக்கு மொச்சையின் ருசி அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அந்த அடுப்படியில் எல்லாவற்றுக்கும் துணை கோதுமைதான். விடிந்ததும் மாவு பிசைந்து ரொட்டி சுடவேண்டும். மாவைச் சின்னச் சின்னதாக நறுக்கி, கட்டைவிரலால் அழுத்திக் காது மடல் மாதிரி பாஸ்தா செய்யவேண்டும். வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்க்கவேண்டும். மிஞ்சிய ரொட்டியை அவரே சாப்பிடுவார். வீசி எறிய மனசு வராது.

முதலில் வாய்ப்புண் வந்தது. பிறகு விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. ஒரு வருடம் அதைச் சூடு என்று சொல்லி மோர் குடித்தே ஓட்டினார். ஒரு பௌர்ணமி அன்று சாயங்காலம் கிரிவலம் போனவர், பாதி வழியில் உட்கார்ந்தார், எழ முடியவில்லை. மாதம் தவறாமல் சுற்றுகிற மனிதர். இரண்டு பேர் தோளில் கை போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அன்றைக்குத்தான் நான் அவரைச் சரியாகப் பார்த்தேன். காலர் எலும்புக்கு மேலே குழி விழுந்திருந்தது.

ரத்தச்சோகை (உடம்பில் ரத்தச் சிவப்பணு குறைவது) என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் ஏறவில்லை. பூச்சி மாத்திரை, அல்சர் மாத்திரை, அமீபா மாத்திரை, காசநோய்ப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகப் போனது. "வயிறு வீக்கா இருக்கு, லைட்டா கோதுமைக் கஞ்சி, பிரெட்டு, பிஸ்கட்டு குடுங்க" என்று ஒருவர் எழுதியே கொடுத்தார். நம் ஊரில் உடம்புக்கு முடியவில்லை என்றால் பிரெட்தானே. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிரெட் பாக்கெட்டோடு வந்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. அங்கன்வாடியில் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே கேழ்வரகு, பொட்டுக்கடலை, கோதுமை எல்லாம் வறுத்து மில்லில் அரைத்து, சத்துமாவுக் கஞ்சி காய்ச்சிக் காலையும் மாலையும் கொடுத்தேன். குடித்த ஒரு மணி நேரத்தில் ஓடுவார். "ஒத்துக்கல போல" என்பார். "குடிச்சாதான் ஒத்துக்கும்" என்று அதட்டினேன்.

ஊரும் தன் பங்குக்குப் பேசியது. வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவன், இப்படி இளைத்தால் அது 'அந்த' நோய்தான் என்று பால் ஊற்றுகிற இடத்தில் பேச்சு. என் மாமியாரே ஒரு நாள் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்கள். கேட்டதற்கு, "ஒரு பேச்சுக்கு வச்சேன்" என்றார்கள். அந்தத் தட்டில் அன்றிலிருந்து நான் சாப்பிட்டேன், அவர்கள் கண் முன்னாலேயே.

இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறொன்று. மலையைச் சுற்றியுள்ள இந்த ஊரில் இளைத்தவனைப் பார்த்தால் சாமியார் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிராங்காம்மா வீட்டில் சாப்பிட வருகிறவர்கள், ஏழுமலையின் ஒட்டிய கன்னத்தையும் குழிந்த கண்ணையும் பார்த்து, முகத்தில் ஒளி வந்திருக்கிறது என்றார்களாம். ஒருவர் கை கூப்பிக் கும்பிட்டாராம். ஏழுமலை அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசியில் வாடுகிறவனைப் பார்த்துக் கும்பிடுகிற கண் எப்படிப்பட்ட கண்?

ஐந்தாவதாகப் போனது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு. அப்போது அவர் நாற்பத்தோரு கிலோ. பார்த்தவர் சின்ன வயது டாக்டரம்மா. அவர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலைங்க செய்றீங்க?" அடுத்தது, "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிடறீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க." அவர் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடம் மற்ற நான்கு பேரிடமும் இல்லாமல் போயிற்றே.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு எண்டோஸ்கோபி (கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விட்டு உள்ளே பார்ப்பது), அதிலேயே சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது). முடிவு வந்தது. சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் உடம்பு தன் குடலையே தாக்குவது).

"குடலுக்குள்ள புது டவல் மாதிரி மொசுமொசுன்னு இருக்கணும்மா. அதுதான் சத்த உறிஞ்சும். இவருக்கு நைஞ்சு போன டவலு மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. எவ்ளோ சாப்ட்டாலும் ஒட்டாது" என்றார் டாக்டரம்மா.

"மாத்திரை?"

"மாத்திரை கிடையாது. கோதுமை வாயில போவக் கூடாது. ஆயுசுக்கும். அந்த வேலையும் இப்போதைக்கு வேணாம். மாவுத்தூள் பட்டாலே ஆவாது."

இப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் மறுபடி வரவேண்டிய தேதியை எழுதினார். அதுவே பதில்.

திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நேரே பிராங்காம்மா வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே கத்தினேன். "உங்க மாவுதான் எங்க வீட்டுக்காரரத் தின்னுது. ஒம்போது வருஷமா நீங்க தின்னக் குடுத்தது வெஷம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நோயின் பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் இந்த நோய். என் அக்கா பொண்ணுக்கு இருக்கு."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? தினம் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். ஏழுமலை சாப்பாடு கம்மி. நான் நினைச்சேன், விரதம்."

விரதமாம். அதற்கு மேல் அங்கே நின்றால் எதையாவது தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். வந்துவிட்டேன்.

வீட்டில் அன்றே ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், ஆட்டா மாவு எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி வெளியேற்றினேன். பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். மாமியாரிடம், "இந்த வீட்டுக்குள்ள இனிமே கோதுமை வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றேன். ஏழுமலை வேலைக்குப் போகவில்லை. குழைந்த சோறும் ரசமும்தான் மூன்று வேளையும். வயிறு ரணமாகக் கிடக்கிறவருக்கு ரசத்தைவிட என்ன இருக்கிறது? மிளகு தட்டி, சீரகம் தட்டி, கொஞ்சம் பெருங்காயம் தூக்கலாகவே போட்டு வைப்பேன். பெருங்காயம் வயிற்றுக்கு நல்லது என்று நம்மில் யாருக்குத் தெரியாது?

போக்கு பாதியாகக் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் ஏறியது ஒன்றரைக் கிலோ. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. "எங்கியோ இன்னும் உள்ள போவுதும்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

நான் யோசிக்கவில்லை, முடிவே செய்துவிட்டேன். அவர் திருட்டுத்தனமாக ரொட்டி தின்கிறார். நடுவில் இரண்டு முறை பிராங்காம்மாவைப் பார்க்கப் போய்வந்திருந்தார். ஒன்பது வருடம் பழகிய வாய், சும்மா இருக்குமா? பஸ்ஸிலேயே கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. அங்க போய் என்ன சாப்ட்டீங்க?"

"தண்ணிகூடக் குடிக்கல, சரளா."

"அப்ப எப்பிடிங்க ஏறும்? நான் ஒருத்தி இங்க வெந்து சாவறேன், நீங்க அங்க போய் நாக்கத் தீட்டிக்கினு வரீங்க."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை எனக்கு நிறுத்த மனமில்லை. அன்றிலிருந்து பத்து நாள் அவர் வீட்டில் வாய் திறக்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார். எழுந்து போனார். நான் அவருடைய சட்டைப் பையை மோந்து பார்த்தேன். ரொட்டித்தூள் இருக்கிறதா என்று தையல் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்களும் இதைச் செய்துவிடக்கூடாது என்பதற்காக.

பதினோராவது நாள் டாக்டரம்மாவே போன் செய்தார். ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பியிருந்தேன். "எல்லாம் அரிசிதான், நல்லாத்தான் இருக்கு. ரசத்துல பெருங்காயம் போடுவீங்களா?"

"அது இல்லாம ரசமாங்க?"

"அந்த டப்பாவ எடுத்துப் பின்னாடி எழுதியிருக்கறதப் படிங்க."

படித்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. பெருங்காயம் முதலில் இல்லை. முதலில் இருந்தது கோதுமை மாவு. நாம் பெருங்காயம் என்று வாங்குவதில் அனேகமாக எல்லாம் மாவில் கலந்து செய்ததுதானாம். எனக்கு இத்தனை வயதாகிறது. எத்தனை தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது.

மூன்று வேளை. ஆறு மாதம். கொஞ்சம் தூக்கலாக.

ஏழுமலை வாசலில் உட்கார்ந்திருந்தார். டப்பாவை அவர் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து நாளைக்குப் பிறகு அப்போதுதான் பேசினார்.

"ரசம் நல்லாத்தான் இருந்துது."

அவர் சும்மா சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர்கள் மேல் கோபப்பட்டேன், ஊர் மேல் பட்டேன், பிராங்காம்மா வீட்டு வாசலில் போய்க் கத்தினேன். விஷம் கொடுத்ததாக யாரைச் சொன்னேனோ அவர் கொடுத்ததை ஆறு மாதம் முன்பே நிறுத்தியாகிவிட்டது. நிறுத்தாமல் கொடுத்தவள் நான்.

பெருங்காயம் போனது. இரண்டாவது வாரமே போக்கு நின்றது. நான்கு மாதத்தில் ஏழு கிலோ ஏறினார். உதிர்ந்திருந்த தலைமுடி திரும்பக் கறுத்து முளைத்தது. ஒரு நாள் காலை கொடிக்கம்பியில் காயப்போட்டிருந்த போர்வையை ஒற்றைக் கையால் உதறி எடுத்தார். முன்பெல்லாம் அதற்கு நான் போய் மறுமுனையைப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுபடி எண்டோஸ்கோபி பார்த்தபோது குடலின் மொட்டுகள் (சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற அமைப்புகள்) முளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். எனக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.

ஒரு நாள் பிராங்காம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, ஏழுமலையை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். "கோதுமை வெளிய போட்டேன். சுவர் எல்லாம் வெள்ளை அடிச்சேன். புதுப் பாத்திரம். இனிமே என் வீட்டுல பாஸ்தா இல்லை."

"அப்ப என்னம்மா சமைப்பீங்க?"

மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நம் களி மாதிரியே கிண்டி, மேலே மொச்சையோ கீரையோ ஊற்றிச் சாப்பிடுவார்களாம். கடலை மாவைக் கரைத்து அகலத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுவார்களாம். அவர் ஊரில் கோதுமை விளைந்தாலும் அதை விற்றுவிடுவார்கள், குடியானவன் வீட்டில் குளிர்காலம் முழுவதும் சோளக் களிதான் என்றார். அது அவருக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் ஒன்பது வருடம் மாவு பிசைய வைத்தார்? கேட்டுவிட்டேன். "இங்கே வர்றவங்க ரொட்டி கேக்கறாங்க" என்றார். கேட்கிறவர்களுக்காக என் வீட்டுக்காரர் குடல் போனது. அந்த ஒரு விஷயத்தில் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் தை மாதம் மொச்சை வந்ததும், வேலைக்குத் திரும்பிவிட்ட ஏழுமலையிடம் எனக்கு ஒரு தூக்கு கொடுத்தனுப்புகிறார், நானும் வாங்கிக்கொள்கிறேன்.

"குணமாயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? முன்பெல்லாம் எங்களுக்கு நாள் என்றால் வெள்ளி, பௌர்ணமி, சம்பள நாள். இப்போது கடைசியாகக் கோதுமை பட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் கணக்கு. கல்யாண வீட்டில் பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று பந்தியில் கேட்டால் முறைக்கிறார்கள். அன்னதானத்தில் கை நீட்டாமல் நகர்ந்தால் திமிர் என்கிறார்கள். நன்றாக இருக்கிற உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை என்று நோய் இல்லாதவர்களுக்குத் தெரிவதில்லை.

இன்னொன்றும் மாறியது. கல்யாணமான நாளிலிருந்து நான் எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிட்டவர் அவர். அந்த டப்பாவுக்குப் பிறகு, ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "இதுல என்ன போட்ட?" என்பார். திட்டுகிற குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். உப்பு, புளி, மிளகு என்று ஒன்றொன்றாகச் சொல்வேன். கேட்டு முடித்துத்தான் கை வைப்பார். மாதக்கணக்கில் அந்தக் கேள்வியை நான் வெறுத்தேன். என்னை நம்பாத கேள்வி அது.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் கொடுத்த காரக்குழம்பைச் சோற்றில் ஊற்றி வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அவர் டிவியைப் பார்த்தபடியே பிசைந்து, முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோயிருந்தார். கேட்கவில்லை. பழைய மாதிரி, என்னை நம்பி. நான் எதற்காக ஏங்கினேனோ அது நடந்துவிட்டது. ஆனால் அந்தக் குழம்பில் என்ன போட்டார்கள் என்று நானும் கேட்டிருக்கவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கேளுங்க" என்றேன். "என்ன போட்டிருக்குன்னு கேட்டுட்டு அப்பறம் சாப்பிடுங்க."